வெம்பக்கோட்டையில் எழுந்த அழுகை

அன்று காலை வெம்பக்கோட்டையில் என் தங்கை வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: என் தங்கை பாலம்மாள். அவள் வீட்டுக்காரர் சண்முகவேல். எதிர்வீட்டுப் பத்திரகாளி. பால் ஊற்ற வந்த சங்கிலிமுத்து. பிறகு நான், செந்தூர்பாண்டி. வேறு யாரும் இல்லை.

பெயர்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே இல்லாத பலர் இப்போது கண்ணால் பார்த்ததுபோலப் பேசுகிறார்கள். எங்கள் குடும்பத்து விஷயத்தை எங்கள் குடும்பத்தில் ஒருவன் சொல்வதுதான் முறை.

போன வாரம் விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் என்னுடையது. அதை மகன் காளீஸ்வரன் கையில் கொடுத்துவிட்டு, நானும் என் மனைவி கனகமணியும் விருதுநகரில் உள்ள பூர்வீக வீட்டுக்குத் திரும்பினோம். கனகமணி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் போனபிறகுதான் சைக்கிளை எடுத்தேன்.

ஓய்வு என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஸ்ரீவில்லிபுத்தூர், அருப்புக்கோட்டை, இருக்கன்குடி என்று வாரம் ஒரு பக்கம் போனேன். அதில் ஒரு காரியமும் இருந்தது. கடைசிக்காலத்தில் எங்கே குடியிருப்பது என்பதை நானே பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் எனக்கு இடம் ஒதுக்கக் கூடாது.

ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் எப்படி, காலையில் சைக்கிள் விட நல்ல சாலை உண்டா என்று பார்ப்பேன். டீக்கடையில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்கிறார்களா என்றும் பார்ப்பேன். விருதுநகர் வீட்டில் எத்தனை மணிக்குத் திரும்பினாலும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஆள் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு அவசரமாகத் திரும்பி என்ன செய்வது?

போன ஞாயிற்றுக்கிழமை காளீஸ்வரனும் மருமகள் அனுப்பிரியாவும் விருதுநகர் வந்திருந்தார்கள். சாப்பிடும்போது காளீஸ்வரன், "சிவகாசிக்கு வந்துருங்கப்பா. மாடியில ரூம் சரிபண்ணித் தாறேன்," என்றான்.

மாடி!

சிவகாசி வீட்டைக் கட்டியவன் நான். வாசலை ஒட்டிய கீழறை வீட்டுப் பெரியவர்களுக்கு என்று சொல்லித்தான் கட்டினேன். எங்கள் பக்கம் மாடியை வாடகைக்கு விடுவோம். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களை மாடியில் குடிவைப்போம். பெற்ற தகப்பனை மாடிக்கு ஏற்றிவிட்டதாக எந்த வீட்டைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை.

"ஏம்லே, கீழறை என்னாச்சு?" என்றேன்.

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே, "அங்கன வேற ஏற்பாடு ஆயிருச்சுப்பா," என்றான். பிறகு, "இந்த வயசுல சைக்கிள்ல அலையுறீக. பெத்தவருக்குச் சோறு போடாத பிள்ளைகன்னு ஊரு பேசுது," என்றான்.

நான் எழுந்து கையைக் கழுவினேன். போனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அதோடு போன வாரம் முடிந்தது.

அன்று மாலையே சாத்தூர் போய் அசன் முகம்மது வீட்டில் தங்கினேன். காகித வியாபாரத்தில் தொடங்கிய பழக்கம், நாற்பது வருஷமாக விட்டுப்போகவில்லை. அசன் என்னையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிட்டுப் போற புதுமாப்பிள்ள மாதிரியில்ல வந்திருக்கீரு! கைப்பையக் காணோமே?"

"மஞ்சப்பை இருக்கு."

"வீட்டுக்கு ஒரு போனப் போடும்யா. தேடுவாக."

"தேடட்டும்."

அசன் உள்ளே திரும்பித் தன் மனைவியிடம், "ஷரீஃபா, இன்னும் ஒரு ஆளுக்கு ஒல வையி," என்றார். உள்ளேயிருந்து, "ஆளு யாருன்னு சொன்னா அளவு தெரியும்ல," என்று பதில் வந்தது. வீட்டுக்குள் நடக்கும் அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் அங்கே மூன்று ராத்திரி தங்கிவிட்டேன்.

நான்காம் நாள் விடிகிற நேரத்தில் வெம்பக்கோட்டைக்குக் கிளம்பினேன். அங்கே அணைக்கரையை ஒட்டிச் சண்முகவேலின் சித்தப்பா வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இரண்டு அறை, முன்னால் தண்ணீர், சுற்றிலும் சத்தம் இல்லை. அதில் குடியேறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சொல்லிவிட்டு வரும் நிலையில் நான் இல்லை. போன் கையில் இல்லை. பாலம்மாளுக்குச் சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கி, மழைக்காகப் பாலிதீன் சுற்றி, கேரியரில் கட்டியிருந்தேன்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டது. கரை ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளத்தான் முடிந்தது. தங்கை வீட்டு வாசலுக்கு வந்தபோது முழங்கால்வரை சேறு. மூச்சு வாங்கியதில் வாய் திறக்க முடியவில்லை.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டேன். சேற்றுக் காலோடு படியேற மனமில்லாமல் வெளியிலேயே நின்றேன்.

பாலம்மாள் வாசலில் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தாள். சங்கிலிமுத்து பாலை அளந்துகொண்டிருந்தார்.

"அண்ணே!" என்றாள். "என்னண்ணே இந்நேரத்துல? சொல்லாமக் கொள்ளாம?"

நான் பதில் சொல்லவில்லை. இளைப்பு இன்னும் அடங்கவில்லை.

உள்ளே ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்கண்ணே."

இளைக்கும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது என் வழக்கம். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"உள்ள வாங்க."

அதற்கும் தலையை ஆட்டினேன்.

அவள் முகம் மாறியது. சொம்பு அவள் கையிலேயே சாய்ந்து தண்ணீர் கோலத்தின்மேல் கொட்டியது.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி சொல்ல வருகிறவர் வாசல்படி ஏறமாட்டார். தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். அப்படி நின்றாலே கேதம் சொல்ல வந்திருக்கிறார் என்று வீட்டில் தெரிந்துகொள்வார்கள். எல்லார் கையிலும் போன் வந்தபிறகும், நெருங்கிய சொந்தத்துக்கு ஆள் நேரில் போய்த்தான் கேதம் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. அப்படி வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான்.

பாலம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"என் ராசா! என் மருமகனே காளீசு! நாளைக்குத்தானய்யா ஒனக்கு ஆபரேசன்னாக! அதுக்குள்ள நின்னுபோச்சா அந்த நெஞ்சு? அண்ணே, ஒங்களையா சொல்லிவிட்டாக? பெத்தவரையா அனுப்புவாக!"

எதிர்வீட்டுப் பத்திரகாளி முடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடிவந்தாள். யார், என்ன என்று கேட்கவில்லை. பாலம்மாளைக் கட்டிக்கொண்டு அவளும் குரல் எடுத்தாள். சங்கிலிமுத்து அளந்த பாலைக் கேனிலேயே திரும்ப ஊற்றினார். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. ஆகவே நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"ஏய் பாலம்மா! நிறுத்து! யாரும் சாகல!"

அழுகை சட்டென்று நின்றது. பத்திரகாளிதான் கடைசியாக நிறுத்தினாள்.

"சாகலையா?" என்றாள் பாலம்மாள்.

"கேதம் சொல்ல வாறவன் காராச்சேவு வாங்கிட்டா வருவான்?"

"பெறகு ஏன் தண்ணி வேண்டாம்னீக?"

"மூச்சு வாங்குச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சொன்ன வார்த்தைகள் அப்போதுதான் எனக்குள் போய்ச் சேர்ந்தன.

"யாருக்கு ஆபரேசன்?" என்று கேட்டேன்.

பாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்திரகாளி, "அடுப்புல பாலு," என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். அன்று அவள் வீட்டுக்கு இன்னும் பாலே வரவில்லை.

சண்முகவேல் படியிறங்கி வந்தார். அதிகம் பேசாத மனிதர். "மச்சான், உக்காருங்க," என்றார்.

"நின்னுக்கிட்டே கேட்டுக்கிடுதேன். சொல்லும்."

"மருமகனுக்கு நெஞ்சுல மூணு அடைப்பு. வைகாசியிலயே தெரிஞ்சிருச்சு. நடந்தா மூச்சு வாங்குது. நாளைக்கு மதுரையில ஆபரேசன்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும்னா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒங்களத் தவிர, மச்சான்."

நான் கையிலிருந்த துண்டை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். ஒரு மனிதனைச் சுற்றி மூன்று மாதமாக ஒரு குடும்பமே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மூன்று மாதமும் நான் ஊர் ஊராகப் போய் டீக்கடையில் யாராவது என்னை விசாரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினான் எம் மருமகன்," என்றாள் பாலம்மாள். அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. "நீங்க எதுக்கு வந்தீகன்னு மொதல்ல சொல்லுங்க."

"அந்தக் கரை வீட்டக் கேக்கலாம்னு வந்தேன். குடியிருக்க."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்து என் உள்ளங்கையை இழுத்து அதில் ஒரு சாவியை வைத்து அழுத்தினாள்.

"இந்தாங்க. போயி அங்கன ஒத்தையில உக்காந்துக்கோங்க. ஒங்களுக்கு யாரு வேணும்? தண்ணி இருக்கு. மீனு இருக்கு. மனுசர் யாரும் வந்து தொந்தரவு பண்ணமாட்டாக."

என் தங்கை என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சேற்றுக் காலோடு படியேறினேன். சொம்பில் மிச்சம் இருந்த தண்ணீரை அவள் பார்க்க முழுக்கக் குடித்தேன். குடிக்காமல் போனால் மறுபடி அழுவாள்.

"கார் சொல்லட்டுமா மச்சான்?" என்றார் சண்முகவேல்.

"சைக்கிள் இருக்கு."

சிவகாசிச் சாலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. சீசன் உச்சத்தில் இருக்கிற மாதம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு வேன் என்னைத் தாண்டும்போது, "தாத்தா, ஏறிக்கிடுதீகளா?" என்று ஒரு பெண் கத்தினாள். நான் மணியை ஒரு தடவை அடித்தேன். வேறு என்ன சொல்வது?

மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காளீஸ்வரன் காரிலிருந்து இறங்கி வாசலில் கொஞ்சம் நின்றான். வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல நின்றான். அந்த மரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. மூச்சுக்காக நின்றிருக்கிறான். சாப்பாட்டில் உப்பு இல்லாத குழம்பை அனுப்பிரியா தனியாகக் கொண்டுவந்திருந்தாள். என் வீட்டுச் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அதையும் மனதில் குறித்துவைத்துக்கொண்டவன் நான்.

அச்சகத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேனேஜர் ஸ்ரீராம்குமார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஐயா... இப்பத்தான் ஒரு போன் வந்துச்சு... சின்னவரு..."

"சின்னவர் எங்க?"

"வீட்டுலதான் இருக்காரு. காலையிலகூட ப்ரூப் குடுத்துட்டு வந்தேன். ஆனா போன்ல..."

அவன் முடிப்பதற்குள் அச்சகத்தின் பின்வாசல் வழியாக, அதை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள் போய்விட்டேன்.

கீழறைக் கதவு திறந்திருந்தது. எனக்கும் கனகமணிக்கும் என்று போட்ட தேக்குக் கட்டில் சுவரோரத்தில் இருந்து ஜன்னல் பக்கம் தள்ளிப் போடப்பட்டிருந்தது. தலைமாட்டில் நாலு தலையணை. சாய்ந்து உட்கார்ந்தால்தான் தூங்க முடியும் என்று தெரிந்தது. ஜன்னல் திண்டில் மாத்திரை அட்டைகள். ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்ன 'வேற ஏற்பாடு' இதுதான்.

காளீஸ்வரன் கட்டிலில் சாய்ந்து ஒரு லேபிள் ப்ரூப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"எந்திரிக்காத."

"யாருப்பா சொன்னா? அத்தையா?"

"அவளாச் சொல்லல. வாசல்ல நின்னேன். கேதம் சொல்ல வந்திருக்கேன்னு நெனச்சு ஒப்பாரி வச்சிட்டா."

"யாருக்கு?"

"ஒனக்கு."

அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"தண்ணி வாங்கிருக்க மாட்டீக," என்றான். "எனக்குத் தெரியும். இளைப்போட தண்ணி குடிக்கமாட்டீக. படியும் ஏறிருக்க மாட்டீக."

"சிரிக்காதீங்களேன்!" என்று சொல்லிக்கொண்டே அனுப்பிரியா உள்ளே வந்தாள். என்னைக் கண்டதும் அவள் சத்தம் குறைந்தது. ஆனால் கோபம் குறையவில்லை. "வாங்க மாமா. ஒங்க போன நாங்கதான் விருதுநகர்ல இருந்து எடுத்துட்டு வந்தோம். மூணு நாளா யாரு ஒங்களக் கூப்பிட்டாலும் எங்க மேசையிலதான் மணி அடிக்குது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் எந்த நாற்காலி என்னுடையது என்று ஒரு கணம் தேட வேண்டியிருந்தது.

"மாடி ஏற முடியலப்பா," என்றான் காளீஸ்வரன். "பாதிப் படியில நிக்க வேண்டியிருக்கு. அதான் கீழ வந்துட்டோம்."

"அத ஞாயிற்றுக்கிழமையே சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா வந்துருப்பீக."

"அதுக்குத்தானலே சொல்லணும்!"

"சீக்காக் கிடக்கிற மகனப் பாத்துக்கிட வாற அப்பா எனக்கு வேண்டாம். சும்மா வாற அப்பா வேணும். கூப்பிட்டுப் பாத்தேன். வரல."

அனுப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பி மாத்திரைகளை அடுக்க ஆரம்பித்தாள். அவை ஏற்கனவே அடுக்கித்தான் இருந்தன.

"ஊரு பேசுதுன்னு சொன்னியே?" என்றேன்.

"ஊரு ஒண்ணும் பேசலப்பா. ஊருக்கு வேற வேலை இல்லையா? மானம்னு சொன்னாத்தான் நீங்க திரும்பிப் பாப்பீகன்னு சொன்னேன். நீங்க சைக்கிளப் பாத்தீக."

நான் அவன் கையிலிருந்த ப்ரூப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

அப்போது வெளி கேட் சத்தம் கேட்டது. காகித வியாபாரி லட்சுமிகாந்தம் ஆட்டோவில் வந்து இறங்கினார். துக்க வீடு என்று தோளில் துண்டு போடவில்லை. கையில் பெரிய ரோஜாமாலை. நான் வாசலுக்குப் போனதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"செந்தூரு... மனசத் தேத்திக்கிடும்யா. சின்ன வயசு. என்ன சொல்ல? வெம்பக்கோட்டையில இருந்து பால்காரர் சொல்லி, டீக்கடையில கேட்டு..."

பின்னாலிருந்து ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது. "மாமா, ரோஜா மட்டுந்தானா? சம்பங்கி கிடைக்கலையா?"

லட்சுமிகாந்தம் ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உசுரோட இருக்கியாலே, பாவி!" என்று சொல்லி, வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். இல்லாத சாவுக்குத் திடமாக வந்தவர், ஆள் இருக்கிறான் என்றதும் உடைந்துபோனார். மனிதர்கள் எதற்கு அழுவார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

மாலைதான் சிக்கலாகிவிட்டது. சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குள் வாங்க முடியாது. அவர் தன் வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போகவும் முடியாது. தெருவோர மின்கம்பத்தில் மாட்டச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். பிற்பகலுக்குள் அந்தக் கம்பத்தில் நான்கைந்து மாலைகள் தொங்கின. போகிற வருகிறவர்கள் கம்பத்தைப் பார்த்து நின்று, பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் வாசலில் நின்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், "நல்லா இருக்கான். தப்பான செய்தி. வந்ததுக்குச் சந்தோஷம்," என்று சொல்லி அனுப்பினேன்.

"உள்ள வந்து ஒருவாய் சாப்பிடுங்க மாமா. ஸ்ரீராம்குமார் நின்னு சொல்லட்டும்," என்றாள் அனுப்பிரியா.

"வாசல்ல நிக்கிறது என் வேலை."

அசன் முகம்மது சாத்தூரிலிருந்து காரில் வந்தார். நேரே கீழறைக்குப் போய்க் காளீஸ்வரன் தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, "போன எடுத்து வச்சுக்கிட்டீரா?" என்று மட்டும் கேட்டார்.

"எடுத்துக்கிட்டேன்."

"சரி. நாளைக்கு எத்தன மணிக்கு மதுரைக்கு?"

எனக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கூட்டம் குறைந்தது. உள்ளே போனேன். காளீஸ்வரன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்துத் திரும்பியபோது பேசினான்.

"அப்பா, நாளைக்கு நீங்க மதுரைக்கு வர வேண்டாம்."

"ஏன்?"

"பகல் பூரா ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மா போனப்பவும் இப்படித்தான் நின்னீக. ஆடாம அசையாம. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம. ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க அப்படி நிக்கிறீகன்னு நெனச்சா, உள்ள நான் செத்துட்டேன்னே எனக்குத் தோணிரும்."

கனகமணி இறந்த அன்று வந்தவர்களை வரவேற்க ஆள் வேண்டியிருந்தது. அழுவதற்கு உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டுத் தலைவன் வாசலில் நிற்கத்தான் வேண்டும். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்கு நெஞ்சைப் பிளந்துகொள்ளப் போகிறவனிடம் வாதம் செய்வது முறையல்ல என்று விட்டுவிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டேன்," என்றேன். சாப்பிடவில்லை.

கேரியரிலிருந்து மஞ்சப்பையை அவிழ்த்தேன். காராச்சேவுப் பொட்டலம் அதோடு கட்டியபடியே இருந்தது. பாலம்மாளிடம் கொடுக்க மறந்துபோயிருந்தேன். சைக்கிளைப் படிக்குக் கீழே பூட்டினேன். மாடி ஏறினேன். பாதிப் படியில் நின்று பார்த்தேன். அவன் நிற்கிற இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் அந்த இடம் மட்டும் கைபட்டுக் கைபட்டு அழுக்கேறியிருந்தது.

மாடி அறை கூட்டி வைக்கப்பட்டிருந்தது. புது மெத்தை. ஒரு மண்பானை. ஜன்னலுக்கு வெளியே அச்சகத்துக் கூரையும் அதற்கப்பால் பட்டாசுக் கம்பெனிகளின் வேப்பமரங்களும் தெரிந்தன. சுவரில் புதிதாக ஒரு பெரிய கொக்கி அடித்திருந்தார்கள். எதற்கு என்று முதலில் புரியவில்லை. சட்டை மாட்டும் கொக்கி அவ்வளவு பெரிதாக இருக்காது. பிறகு தெரிந்தது, சைக்கிளைத் தூக்கி மாட்டுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே ஆள் வைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறான். சுவரில் பூசிய சிமென்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

கரை வீட்டுச் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தேன். சண்முகவேலுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். சாவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கீழே காளீஸ்வரன் இருமினான். அவன் இருமல் தரை வழியாக அப்படியே மேலே கேட்டது. நான் இருமினாலும் அவனுக்குக் கேட்கும் என்பதால், எனக்கு வந்ததை அடக்கிக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். சிவகாசியிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் ஒரு பேச்சு நடக்கிறது. லேபிள் அச்சகம் காளீஸ்வரன் இறந்துவிட்டான், பெற்ற தகப்பனே சைக்கிளில் போய்க் கேதம் சொன்னார் என்று சொல்கிறார்கள். அது பொய். நான் வீடு பார்க்கப் போனேன். என் மகன் உயிரோடு இருக்கிறான். அவன் கீழறையில் இருக்கிறான். நான் மாடியில் இருக்கிறேன்.